மாதவிலக்கு நின்ற பிறகு மறுபடியும் உதிரப்போக்கா?

காஞ்சிபுரத்தில் எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு மாதவிலக்கு நின்றுவிட்டால் ஒரு நிம்மதி. "அப்பாடா, இனிமே எந்த வெள்ளிக்கிழமையும் தடங்கல் இல்லாம காமாட்சி கோயிலுக்குப் போகலாம்" என்பார்கள்.

சென்ற ஆண்டு ஒரு மருமகள் தன் மாமியாரை என்னிடம் அழைத்து வந்தார். "மூணு வாரமா அத்தை கோயிலுக்கே போகலீங்க ஐயா. கேட்டா முட்டி வலின்னு சொல்றாங்க. ஆனா மார்க்கெட்டுக்கு நடந்தேதான் போறாங்க!"

மாமியாருக்கு வயது 57. தனியாக விசாரித்ததும் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "நின்னு ஆறு வருஷம் ஆச்சு. இப்ப மறுபடியும் லேசா படுது. உடம்புச் சூடுதான். ஏதாவது கஷாயம் குடுங்க ஐயா."

நான் கஷாயம் கொடுக்கவில்லை. கடிதம் எழுதி, அன்றே பெண்கள் நல மருத்துவரிடம் அனுப்பினேன். காரணம், நான் முன்பு செய்த ஒரு தவறு.

பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் படித்து முடித்து, ஊருக்கு வந்து வைத்தியம் தொடங்கிய புதிது. பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளியின் மனைவி இதே தொல்லையோடு வந்தார். 'பெரும்பாடு' என்று எண்ணி, உதிரத்தைக் கட்டும் மருந்து கொடுத்தேன். உதிரம் குறைந்தது. அவருக்கும் மகிழ்ச்சி, எனக்கும் பெருமை. நான்காவது மாதம் இடுப்பு வலியும் துர்நாற்றமுமாகத் திரும்பி வந்தார். கருப்பைக் கழுத்துப் புற்று, மூன்றாம் நிலை. இரண்டு வருடங்களில் போய்விட்டார். என் மருந்து நோயைத் தீர்க்கவில்லை. அது கொடுத்த எச்சரிக்கையைத்தான் அடக்கியது.

எது இயல்பு, எது ஆபத்து?

தொடர்ந்து 12 மாதம் விலக்கு வராவிட்டால் அது முற்றாக நின்றுவிட்டது என்று பொருள். அதன்பின் ஒரு சொட்டு பட்டாலும் அது விலக்கு அல்ல, சூடும் அல்ல. காரணம் கண்டுபிடிக்கப்பட வேண்டிய அறிகுறி.

உடனே பதற வேண்டாம். இப்படி வருபவர்களில் பெரும்பாலோருக்குப் பிறப்புறுப்பின் உட்தோல் மெலிவது, சிறு சதை வளர்ச்சி போன்ற சாதாரணக் காரணங்களே இருக்கும். ஆனால் சுமார் பத்தில் ஒருவருக்குக் கருப்பை உட்சுவரில் புற்று இருக்கிறது. அந்த ஒருவர் யார் என்பது பரிசோதித்தால்தான் தெரியும்.

"நாடி பிடித்தால் தெரியாதா?" என்று கேட்பார்கள். தெரியாது. எண்வகைத் தேர்வும் செய்கிற வைத்தியனாகவே சொல்கிறேன்: புற்று உண்டா இல்லையா என்று உறுதி சொல்வது, சதையைத் துளி எடுத்து உருப்பெருக்கியில் பார்க்கும் பயாப்சி மட்டுமே.

மூன்று இடம், மூன்று விதம்

கருப்பைக் கழுத்து: உறவுக்குப் பின் உதிரம், துர்நாற்றமுள்ள வெள்ளை அல்லது நீர்ப்போக்கு. பெரும்பாலும் ஹெச்.பி.வி. என்ற வைரஸால் வருவது. இது மிகச் சாதாரணமாகப் பலருக்கும் தொற்றி, தானே நீங்கிவிடும் கிருமி. யாருடைய ஒழுக்கத்தையும் சந்தேகிக்க வேண்டியதில்லை. சிலரிடம் தங்கிவிட்டால் புற்றாக மாறப் பத்து, பதினைந்து வருடம்கூட ஆகலாம். அந்த இடைவெளிதான் நமக்குக் கிடைத்த வாய்ப்பு.

கருப்பை உட்சுவர்: விலக்கு நின்ற பிறகு வரும் உதிரப்போக்கே முக்கிய அறிகுறி. அதிக எடை, சர்க்கரை நோய், குழந்தை பெறாமை, தாமதமாக விலக்கு நிற்பது ஆகியவை வாய்ப்பைக் கூட்டும்.

சினைப்பை: இதுதான் ஒளிந்திருக்கும் கள்ளன். வயிற்று உப்புசம், கொஞ்சம் சாப்பிட்டாலே நிறைந்துவிடுவது, அடிக்கடி சிறுநீர். 'வாயு' என்று பெருங்காயமும் ஓமமுமாக மாதங்கள் ஓடிவிடும். மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் ஸ்கேன் அவசியம்.

என்ன பரிசோதனை?

ஆரம்ப சுகாதார நிலையங்களில் 30 வயது கடந்த பெண்களுக்கு இலவசமாகக் கருப்பைக் கழுத்துப் பரிசோதனை செய்கிறார்கள். நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, வெண்மையாக மாறும் இடத்தைப் பார்ப்பார்கள். சில நிமிட வேலை. திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-ல் தொடங்கிய ஆய்வில், 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு ஒரே ஒருமுறை இதைச் செய்து, தேவைப்பட்டோருக்குச் சிகிச்சையும் கொடுத்ததில், இப்புற்றால் வரும் சாவு 35 சதவீதம் குறைந்தது. 2007-ல் வெளியான இந்த முடிவை உலகமே கவனித்தது.

ஒரு விஷயம்: விலக்கு நின்றபின் பார்க்க வேண்டிய பகுதி உள்ளே சென்றுவிடும். ஆகவே அந்த வயதினருக்கு 'பாப்' பரிசோதனையோ ஹெச்.பி.வி. பரிசோதனையோ பொருத்தம். உதிரம் பட்டவர்களுக்கு உள்வழி ஸ்கேனில் உட்சுவரின் தடிப்பை அளப்பார்கள். 4 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் பயாப்சி.

புற்று உறுதியானால் எங்கே போவது என்று நம்மூர்க்காரர்கள் திகைக்க வேண்டாம். இந்த மண்ணில் பிறந்த அறிஞர் அண்ணா 1969 பிப்ரவரி 3-ல் புற்றுநோயால்தான் காலமானார். அதே ஆண்டில் அவர் நினைவாகத் தொடங்கப்பட்ட அரசு புற்றுநோய் மருத்துவமனை காரப்பேட்டையில் இருக்கிறது. ஆரம்ப நிலையில் அறுவை, முற்றினால் கதிர்வீச்சும் மருந்தும் சேர்ந்த சிகிச்சை. முதல்வரின் காப்பீட்டுத் திட்டமும் உதவும்.

சித்த மருத்துவம் எங்கே உதவும்?

பரிசோதனையில் பயமில்லை என்று தெரிந்தபின், விலக்கு நின்ற காலத்துச் சிரமங்களுக்கு உணவிலேயே நிறைய மருந்து உண்டு. இந்த வயதில் நாளொன்றுக்கு 1200 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து தேவை. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது. எள்ளுருண்டை, முருங்கைக்கீரை, உளுந்தங்களி, மோர் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தறி வீட்டின் அரை இருட்டிலேயே நாள் முழுதும் உட்கார்ந்து தார் சுற்றும் சகோதரிகளே, தினமும் அரைமணி நேரம் வெயிலில் நடங்கள். எலும்பு தேயாமல் இருக்க அது முக்கியம். இருமும்போது சிறுநீர் கசிந்தால், சிறுநீரை அடக்குவது போல இடுப்புத் தளத் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியை, ஒரு வேளைக்குப் பத்து தடவையாக, தினம் மூன்று வேளை செய்யுங்கள்.

மூன்று எச்சரிக்கைகள்:

1. காரணம் தெரியாத உதிரப்போக்குக்கு அசோகப்பட்டைக் கஷாயம் முதலான எதையும் குடிக்காதீர்கள்.

2. மார்பகம், கருப்பைப் புற்று வந்தவர்கள், தண்ணீர்விட்டான் கிழங்கு லேகியத்தைத் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது.

3. புற்றுச் சிகிச்சை நடக்கும்போது பஸ்பம், செந்தூரம், சூரணம் எதுவானாலும் சிகிச்சை தரும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். "புற்றைக் கரைக்கிறேன், ஆபரேஷன் வேண்டாம்" என்று எந்த வைத்தியர் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

வீட்டில் 9 முதல் 14 வயதுக்குள் பெண் குழந்தை இருந்தால் ஹெச்.பி.வி. தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். 2023 முதல் நம் நாட்டுத் தயாரிப்பே கிடைக்கிறது.

அந்த மாமியார் என்ன ஆனார்? உட்சுவரில் ஆரம்ப நிலைப் புற்று. கருப்பையை எடுத்துவிட்டார்கள். கதிர்வீச்சுகூடத் தேவைப்படவில்லை. இப்போது மறுபடியும் வெள்ளிக்கிழமை தோறும் கோயிலுக்குப் போகிறார். போன மாதம் பிரசாதத்தோடு வந்தவரிடம், "உங்க மருமகளுக்குத்தாம்மா முதல்ல குடுக்கணும்" என்றேன்.

உங்கள் வீட்டில் அம்மா, அத்தை, பெரியம்மா யாராவது திடீரென்று கோயிலுக்குப் போவதை நிறுத்தினால், பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாக, தனியாகக் கேளுங்கள். அவர்களாகச் சொல்லமாட்டார்கள்.