அன்பளிப்பு வேறு, ஆர்டர் வேறு

திருச்சி

அன்பு மகளுக்கு,

பெரியம்மா எழுதுகிறேன். நீ அனுப்பிய படத்தில் மூத்தவள் போட்டிருக்கும் கவுனைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கழுத்துப் பட்டி நன்றாகப் படிந்திருக்கிறது. இடுப்புச் சுருக்கு மட்டும் ஒரு பக்கம் கூடிவிட்டது. முதல் கவுனுக்கு இது நல்ல தையல்தான்.

படத்தோடு நீ கேட்டிருந்த கேள்விக்குப் போனில் பதில் சொல்ல மனம் வரவில்லை. கவுனைப் பார்த்துவிட்டு நாத்தனார் ஒன்று கேட்கிறாள், அடுத்த வீட்டுக்காரர் ஒன்று கேட்கிறார். வைகாசிக் கல்யாணத்துக்கு 100 தாம்பூலப் பை தைத்துத் தர முடியுமா என்று ஒரு வீட்டார் கேட்டிருக்கிறார்கள். "கைக்குழந்தையை வைத்துக்கொண்டு இதெல்லாம் முடியுமா பெரியம்மா?" என்கிறாய். முடியும். ஆனால் பிள்ளைக்குத் தைப்பது, அன்பளிப்பாகத் தைப்பது, கூலிக்குத் தைப்பது மூன்றும் மூன்று விதம். ஒன்றின் சட்டத்தை இன்னொன்றில் போட்டால் கையும் நோகும், உறவும் நோகும்.

முதலில் பிள்ளைகளுக்குத் தைப்பது. இதில் கணக்குப் பார்க்காதே. மணி பார்க்காதே, பிரித்துத் தைக்க வேண்டி வந்தாலும் சலித்துக்கொள்ளாதே. உன் கை பழகுவது இங்கேதான். சின்னவனுக்கு ஜபலா தைக்கப் புதுத்துணி வாங்க வேண்டாம். பலமுறை துவைத்து மெத்தென்று ஆன பருத்தி வேட்டியோ சேலையோ போதும். கஞ்சி வாடையோ புதுச்சாயமோ இல்லாத அந்தத் துணிதான் குழந்தையின் தோலுக்கு ஒத்துக்கொள்ளும். புதுப் பருத்தித் துணி என்றால் வெட்டுவதற்கு முன் ஒரு தண்ணீர் நனைத்துக் காயவைத்துவிடு. இல்லையென்றால் முதல் துவைப்பிலேயே சுருங்கிக் கைப்பக்கம் இழுத்துக்கொள்ளும்.

புதிதாகத் தைப்பவர்கள் மார்பளவை மட்டும் எடுத்துவிட்டுத் தலையை மறந்துவிடுவார்கள். பிறந்த குழந்தைக்கு மார்பைவிடத் தலை பெரிது. ஏறக்குறைய ஒரு வயதில்தான் இரண்டும் சமமாகும். அதனால் சின்னவனுக்கு முதுகிலோ தோளிலோ திறப்பு வைத்துத் தை. கழுத்தில் நீளமான நாடா எதற்கும் வேண்டாம். தொட்டிலிலும் கதவிலும் சிக்கிக் கழுத்தை இறுக்கும் என்பதால்தான் பல நாடுகளில் குழந்தை உடுப்பில் கழுத்து நாடாவுக்குக் கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். பிய்த்து வாயில் போட்டுக்கொள்ளும் வயதில் மணியும் பட்டனும்கூட வேண்டாம். துணியாலேயே முடிச்சு போட்டுவிடு. உள்பக்கப் பிசிறை மடித்து அடித்துவிடு. கையுறையிலும் காலுறையிலும் தொங்கும் நூல் பிஞ்சு விரலைச் சுற்றி இரத்த ஓட்டத்தையே நிறுத்திவிடும். காரணம் தெரியாமல் குழந்தை அழுதால் விரல்களைப் பிரித்துப் பார்.

மூத்தவளுக்குப் பாவாடை தைத்தால் கீழே இரண்டங்குலம் மடித்து அடி, நடுவில் இரண்டு டக் பிடி. வருஷத்துக்கு ஒன்றாகப் பிரித்துவிட்டால் ஒரே பாவாடை மூன்று தீபாவளி வரும். இந்தச் சிக்கனம் நம் வீடுகளில் காலம்காலமாக இருப்பதுதான்.

இனி அன்பளிப்பு. நம் பக்கத்தில் கல்யாணம், காதுகுத்து என்றால் மொய் நோட்டு திறந்துவிடும். அதில் ஏறிய தொகை ஒருநாள் திரும்பி வரும். நீ கையால் தைத்துக் கொடுப்பதை அந்த நோட்டில் எழுத முடியாது. அதற்கு என்ன திருப்பிச் செய்வது என்று யாருக்கும் தெரியாது. அதனால் திரும்பி வரும் என்ற எண்ணத்தோடு எதையும் தைக்காதே. கேட்டவருக்கெல்லாம் தைத்துக் கொடுக்கவும் வேண்டாம். யாருக்குத் தைக்க வேண்டும் என்று உனக்கே தோன்றுகிறதோ அவருக்குத் தை. சீமந்தப் பெண்ணுக்கு நாலு ஜபலாவும் ஒரு மெத்தைத் துணியும், மாமியாருக்குப் பூஜைக் கூடைக்கு மூடுதுணி, அங்கன்வாடிக்குப் போகும் பிள்ளைக்குத் தட்டும் டம்ளரும் வைக்க ஒரு பை. அலமாரியில் மடித்து வைக்கும் பொருளைவிடத் தினமும் கையில் புழங்கும் பொருளைத் தை.

நாத்தனார் மகளுக்கு ஒரு கவுன் அன்பளிப்பாகத் தைத்துக் கொடு. இரண்டாவது கேட்டால், "துணி வாங்கிக் கொடுங்க அண்ணி, தையல் கூலி இவ்வளவு" என்று சிரித்த முகத்தோடு சொல். அதைச் சொல்லத் தயங்கினால் ஆறு மாதத்தில் அந்தத் தெருவுக்கே இலவசத் தையல்காரியாகிவிடுவாய்.

கூலித் தையலுக்கு வருகிறேன். இதைத்தான் நிதானமாக எழுத நினைத்தேன்.

ஆந்திராவில் மேற்குக் கோதாவரி மாவட்டத்தில் நரசாபூர் என்று ஓர் ஊர். வீட்டுப் பெண்கள் லேஸ் பின்னுவதில் பேர் பெற்றது. மரியா மீஸ் என்ற ஜெர்மானியச் சமூகவியலாளர் அவர்களைப் பற்றி ஆராய்ந்து 1982-இல் ஒரு புத்தகம் எழுதினார். அந்தப் பெண்கள் நாளெல்லாம் மணிக்கணக்கில் பின்னினார்கள். பின்னிய லேஸ் வெளிநாட்டுக்குக் கப்பல் ஏறியது, வியாபாரிகள் செழித்தார்கள். பின்னியவளுக்கு நாளுக்கு ஒரு ரூபாய்கூடத் தேறவில்லை. காரணம், அவள் தொழிலாளியாகவே எண்ணப்படவில்லை. வீட்டில் இருக்கும் பெண் ஓய்வு நேரத்தில் ஏதோ செய்கிறாள் என்றுதான் வாங்குபவரும் வீட்டாரும் நினைத்தார்கள். அவளும் அப்படியே நினைத்தாள்.

நம் தமிழ்ப் பக்கத்தில் இதற்கு மறுபுறமும் நடந்திருக்கிறது. 1820-களில் நாகர்கோவிலில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் பெண் பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி இருந்த காலம் அது. அடிமைகளாக இருந்த பெண்களில் சிலர் லேஸ் பின்னிச் சேர்த்த காசில் தங்கள் விடுதலையை விலை கொடுத்து வாங்கினார்கள் என்று மிஷனரிகள் எழுதி வைத்திருக்கிறார்கள். இரண்டு ஊரிலும் பின்னியது லேஸ்தான். ஓர் ஊரில் அது பெண்ணுக்கு விடுதலை வாங்கிக் கொடுத்தது, இன்னோர் ஊரில் வியாபாரிக்கு மாளிகை கட்டிக் கொடுத்தது. காசு யார் கைக்குப் போகிறது என்பதைப் பொறுத்ததுதான் எல்லாம்.

"வீட்டில்தானே இருக்கே, பொழுது போகும்" என்று உன்னிடமும் சொல்வார்கள். கோபப்படாதே, நம்பவும் செய்யாதே. 2019-இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, கூலியில்லாத வீட்டு வேலைக்கு அதைச் செய்யும் பெண்கள் நாளுக்குச் சராசரி 299 நிமிடம் செலவிட்டார்கள், ஆண்கள் 97 நிமிடம். பிள்ளை பார்ப்பது இந்தக் கணக்கில் சேராது, அது தனி. இவ்வளவுக்கும் பிறகு நீ தையலுக்கு எடுத்து வைக்கும் இரண்டு மணி நேரம் பொழுதுபோகாமல் கிடந்த நேரமா?

தாம்பூலப் பைக்கு வருவோம். பேப்பரும் பென்சிலும் எடுத்துக்கொள். தைத்து முடித்த பையின் அகலம் 10 அங்குலம், உயரம் 12. அடிப்பக்கம் மடிப்பாகவே இருக்கட்டும், தையல் வேண்டாம். பக்கத் தையலுக்கும் மேல் மடிப்புக்கும் விட்டு 11-க்கு 26 அங்குலத் துண்டாக வெட்டு. 36 அங்குல அகலக் காடாத் துணி ஒரு மீட்டரில் இப்படி மூன்று துண்டு வரும். மிச்சம் 13 அங்குலப் பட்டையில் மூன்று பைக்கும் வேண்டிய ஆறு காதும் வந்து, கொஞ்சம் துணியும் மிஞ்சும்.

துணி மீட்டர் 60 ரூபாய் என்று வைத்துக்கொள். பைக்கு 20 ரூபாய். நூல், எண்ணெய், ஊசித் தேய்மானத்துக்கு 2. பத்து நிமிடத்துக்கு ஒரு பை என்றால் மணிக்கு ஆறு. நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025-26-இல் அறிவித்த தினக்கூலி 336 ரூபாய். எட்டு மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 42, பைக்கு 7. ஆக ஒரு பை 29 ரூபாய். இதில் உனக்கு லாபம் ஒரு காசும் இல்லை, கூலி மட்டும்தான். கல்யாண வீட்டார், "கடையில் 20 ரூபாய்க்குக் கிடைக்குதே" என்றால் கடையிலேயே வாங்கிக்கொள்ளச் சொல். 25-க்கு ஒப்புக்கொண்டாலும் உன் கூலியில் பாதிக்கு மேல் அவர்கள் வீட்டுக்கு மொய் வைத்ததாகத்தான் கணக்கு. துணிக்கு வேண்டிய பணத்தை முன்பணமாக வாங்காமல் கத்தரியை எடுக்காதே.

நேரமும் பார். 100 பைக்கு 1,000 நிமிடம், பதினாறே முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. நாளுக்கு இரண்டு மணி என்றால் ஒன்பது நாள். நடுவில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், மாப்பிள்ளைக்கு ஷிப்டு மாறும். அதனால் மூன்று வாரம் கேள். ராமநவமித் தேரை ஒட்டி எந்த ஆர்டரையும் ஒப்புக்கொள்ளாதே. கலியுக வரதராஜப் பெருமாளைப் பார்க்க வரும் சொந்தபந்தம் உங்கள் கல்லங்குறிச்சி வீட்டில் நிறைந்திருக்கும்போது மெஷினை எங்கே போடுவாய்?

இரண்டு மணி நேரம் எங்கிருந்து வரும் என்று கேட்பாய். ஒரே மூச்சில் உட்காரப் பார்க்காதே, வேலையைப் பிரித்துக்கொள். கத்தரியும் குண்டூசியும் புழங்கும் வெட்டு வேலை பிள்ளைகள் தூங்கிய பிறகு. மிதிக்கும் வேலை, மூத்தவள் அங்கன்வாடியிலும் சின்னவன் தூளியிலும் இருக்கும்போது. ஹெம்மிங், கொக்கி, நூல் வெட்டுவது எல்லாம் பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கும்போது. எழுந்தவுடன் மெஷின் வாரைச் சக்கரத்திலிருந்து கழற்றிவிடு. தவழும் பிள்ளைக்கு ஆடும் மிதிபலகையைவிட வேடிக்கையான பொருள் இல்லை, விரல் மாட்டினால் நசுங்கிவிடும். குண்டூசியை எண்ணி எடுத்து எண்ணி வை. ஒரு காந்தம் வாங்கி, சின்னவனைத் தரையில் விடுமுன் கீழே ஓட்டிவிடு.

உங்கள் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் பாதை. வெள்ளைத் தூசி எண்ணெயோடு சேர்ந்தால் பாபின் பெட்டிக்குள் பசை போலப் பிடித்துக்கொள்ளும். வேலை முடிந்ததும் மெஷினை மூடிவிடு. வாரம் ஒருமுறை ஷட்டிலைக் கழற்றித் துடைத்து எண்ணெய் விடு. எண்ணெய் விட்டதும் கழிவுத் துணியில் கொஞ்சம் ஓட்டிவிட்டுத்தான் அடுத்தவர் துணியைத் தொட வேண்டும்.

கை நன்றாகப் பழகிய பிறகு தெருவைத் தாண்டியும் பார். மாவட்டத்தில் இருக்கும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனத்தில் ஒரு மாத அளவில் தையல் பயிற்சி தருகிறார்கள். கட்டணம் இல்லை, சாப்பாடும் உண்டு. சின்னவன் பால் மறந்த பிறகு போகலாம், சான்றிதழ் கிடைக்கும். சமூக நலத் துறையின்கீழ் மகளிர் தையல் தொழிற்கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கும் இலவசச் சீருடையை அவற்றின் உறுப்பினர்கள்தான் தைக்கிறார்கள். துணி வாங்க முதல் போட வேண்டாம், விலை பேச வேண்டாம், தைத்த உருப்படிக்குக் கூலி வரும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் தமிழ்நாடு தையல் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிந்துகொள். 1982-ஆம் ஆண்டு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின்கீழ் இயங்கும் வாரியம் அது. பிள்ளைகளின் படிப்புக்கு உதவி, மகப்பேறு உதவி, வயதான பிறகு ஓய்வூதியம் எல்லாம் அதில் உண்டு. இதைவிட முக்கியம், உன் பெயருக்கு நேரே தொழில் என்ற இடத்தில் "தையல்" என்று ஓர் அரசு அட்டையில் ஏறிவிடும். வீட்டிலிருந்து வேலை செய்பவர்களும் தொழிலாளர்களே என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996-இல் 177-ஆம் உடன்படிக்கையாகவே எழுதியது. இந்தியா அதில் இன்னும் சேரவில்லை. நாடு சேரும்போது சேரட்டும், உன் பெயரை நீ முதலில் சேர்த்துக்கொள்.

வருகிற காசைச் சமையல் டப்பாவில் போடாதே. உன் பெயரில் வங்கிக் கணக்கு இருக்கிறது, அதில் போடு. ஒரு நோட்டுப் போட்டு வரவு, செலவு, மணி நேரம் மூன்றையும் எழுது. மாப்பிள்ளையிடமும் மாமியாரிடமும் அந்த நோட்டைத் தாராளமாகக் காட்டு. நீ தைக்கும் நேரத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொண்டவர்களுக்கும் அந்தக் காசில் பங்கு உண்டு என்று அவர்களுக்குத் தெரியட்டும். மாமியார் மடியில் வைத்துக்கொண்ட அந்த ஒரு மணி நேரம் இல்லாமல் ஒரு பையும் முடியாது.

சலிப்பு வரும் நாளில் ஆர்டரை நிறுத்திவிடு. பிள்ளைக்குத் தைப்பதை மட்டும் நிறுத்தாதே. பிள்ளைகள் வளர்ந்துவிடுவார்கள், கைக்கு வந்த தொழில் எங்கும் போகாது. முதுகு வலித்தால் முக்காலியின் உயரத்தை மாற்று. இரவு மங்கிய வெளிச்சத்தில் ஊசியில் நூல் கோக்காதே.

இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் கல்யாண வீட்டாருக்குப் பதில் சொல்லிவிடு. பை ஒன்று 32 ரூபாய், துணிக்கு 2,000 முன்பணம், மூன்று வாரம் அவகாசம். கூலிக்குமேல் பைக்கு மூன்று ரூபாய் உன் கைத்தொழிலுக்கு. ஒப்புக்கொண்டால் முதலில் ஒரே ஒரு பை தைத்து அவர்களிடம் காட்டிவிட்டு மற்ற 99-ஐ வெட்டு.

மாப்பிள்ளைக்கும் சம்பந்தியம்மாவுக்கும் என் வணக்கம். பிள்ளைகளுக்கு முத்தம்.

அன்புடன்,
பெரியம்மா