ஜி.ஆர்.இ.: வீட்டில் 322, தேர்வில் 312?

மாதிரித் தேர்வுகளில் 320-ஐத் தாண்டிய பிள்ளைகள், வெளிநாட்டு மேற்படிப்புக்கான அசல் ஜி.ஆர்.இ. தேர்வில் பத்து மதிப்பெண் இறங்கிப்போய்க் கலங்கி நிற்பதுண்டு. படித்தது எங்கும் போய்விடவில்லை. பெரும்பாலும் வீட்டில் எழுதிய விதம் ஒன்று, தேர்வறையில் எழுதிய விதம் வேறொன்று. அந்த இடைவெளியைக் குறைக்கச் சில குறிப்புகள்:

1. தேர்வு முடிந்ததும், மதிப்பெண் வேண்டுமா, ரத்து செய்யலாமா என்று திரையில் கேட்பார்கள். பதற்றத்தில் ரத்து செய்துவிடாதீர்கள். ரத்து செய்தால் எவ்வளவு எடுத்தீர்கள் என்பதே தெரியாது. பலமுறை எழுதினாலும், எந்த நாள் மதிப்பெண்ணைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புவது என்பதை நீங்களே முடிவு செய்யலாம்.

2. தேர்வன்று மாலையே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: எங்கே நேரம் போதவில்லை, எப்போது கவனம் சிதறியது, எதைப் பார்த்துப் பயம் வந்தது. இரண்டு நாள் போனால் வருத்தம் மட்டும்தான் நினைவில் நிற்கும்.

3. எந்த மாதிரித் தேர்வோடு ஒப்பிடுகிறீர்கள் என்று பாருங்கள். ஏற்கெனவே பார்த்த கேள்விகளை மறுபடி போட்டு எடுத்த மதிப்பெண் கணக்கில் சேராது. தேர்வை நடத்தும் இ.டி.எஸ். நிறுவனமே 'பவர்பிரெப்' என்ற பெயரில் இலவச மாதிரித் தேர்வுகள் தருகிறது. அதில் ஒன்றைத் தொடாமல் வைத்திருந்து கடைசி வாரத்தில் எழுதுங்கள்.

4. எடுத்ததிலேயே அதிகமானதை 'என் மதிப்பெண்' என்று நினைக்க வேண்டாம். கடைசி மூன்று தேர்வுகளின் சராசரிதான் உங்கள் உண்மையான நிலை. வெர்பல் (மொழித்திறன்), குவாண்ட் (கணக்கு) இரண்டுக்கும் தனித்தனியே 130 முதல் 170 வரை மதிப்பெண். ஒவ்வொன்றிலும் ஓரிரு மதிப்பெண் ஏறி இறங்குவது இயல்பு.

5. கட்டுரையை விட்டுவிட்டுப் பயிற்சி செய்யாதீர்கள். பலர் சறுக்குவது இங்கேதான். அசல் தேர்வில் முதல் 30 நிமிடம் கட்டுரைக்கே போய்விடும். அந்தக் களைப்போடுதான் கணக்குக்குள் நுழைய வேண்டும்.

6. 2023 செப்டம்பர் முதல் மொத்தத் தேர்வே 1 மணி 58 நிமிடம்தான். நடுவில் இடைவேளை கிடையாது. வீட்டிலும் காபிக்கு எழுந்திருக்காமல், செல்போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு, ஒரே மூச்சில் எழுதிப் பழகுங்கள்.

7. குவாண்ட் முதல் பகுதியில் 12 கேள்விக்கு 21 நிமிடம். வெர்பல் முதல் பகுதியில் 12 கேள்விக்கு 18 நிமிடம். முதல் பகுதியை எப்படிச் செய்கிறீர்களோ, அதைப் பொறுத்தே இரண்டாம் பகுதியின் கடினம் அமையும். இரண்டாம் பகுதி கடினமாகத் தெரிந்தால் சோர்ந்துவிடாதீர்கள். முதல் பகுதியை நன்றாகச் செய்ததன் அறிகுறியாக அது இருக்கலாம். ஒரே கேள்வியில் மாட்டிக்கொள்ளாமல், குறியிட்டுவிட்டு நகருங்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறையாது. எதையும் காலியாக விடவே கூடாது.

8. கைக் கால்குலேட்டரை மூட்டை கட்டி வையுங்கள். திரையில் வரும் கால்குலேட்டரிலேயே பழகுங்கள். வீட்டிலிருந்தே அசல் தேர்வை எழுதுகிறவர்களுக்குச் சாதாரணத் தாள் அனுமதி இல்லை. சிறிய வெள்ளைப் பலகையில் கணக்குப் போட முன்பே பழக வேண்டும்.

9. காலை பத்து மணிக்குத் தேர்வு என்றால், முந்தைய இரண்டு வாரமும் பத்து மணிக்கே பயிற்சி செய்யுங்கள். தேர்வன்று புதிதாக எதையும் சாப்பிட வேண்டாம். வழக்கமான இட்லி போதும். இரவு கண்விழித்துப் படிக்கும் இரண்டு மணி நேரத்தைவிடத் தூக்கம் அதிகம் உதவும்.

10. மறுபடி எழுத 21 நாள் இடைவெளி வேண்டும். 12 மாதத்தில் 5 முறை எழுதலாம். கட்டணம் கட்டுவதற்கு முன், நீங்கள் சேர விரும்பும் துறை ஜி.ஆர்.இ. கேட்கிறதா என்று பாருங்கள். அமெரிக்காவில் பல துறைகள் இப்போது கேட்பதில்லை. கேட்டால், மதிப்பெண் குறைந்த பகுதிக்கு மட்டும் உழைத்தால் போதும்.

11. பெற்றோருக்கு ஒரு வார்த்தை: பிள்ளை வீட்டுக்குள் நுழைந்ததும் "எவ்வளவு?" என்று கேட்காதீர்கள். "முதல்ல சாப்பிடு" என்று சொல்லுங்கள். மதிப்பெண்ணைத் தானாகவே வந்து சொல்லும்.