சைடு வீல் வண்டிக்கு வரி விலக்கு

கடைத்தெருக் கோடியில் ஒரு தையல் கடை இருக்கிறது. அந்தத் தையற்காரருக்குச் சிறு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்தது. இடது கால் சூம்பிப் போயிற்று. வீட்டுக்கும் கடைக்கும் நான்கு கிலோமீட்டர். பஸ் படி உயரம். அவரால் ஏற முடியாது. ஆட்டோவுக்கே தினமும் நூறு ரூபாய் போயிற்று.

2022-ஆம் ஆண்டு கடன் வாங்கி ஒரு ஸ்கூட்டர் வாங்கினார். விற்ற இடத்தில் பாரங்களை நீட்டினார்கள். "இங்கே ஒரு கையெழுத்து போடுங்க அண்ணே. இங்கேயும் ஒண்ணு" என்றார்கள். தையற்காரருக்குத் தம் பெயரை எழுத மட்டுமே தெரியும். கேட்ட இடத்தில் எல்லாம் போட்டார். பிறகு ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்துச் சைடு வீல் பொருத்திக் கொண்டார்.

சாலை வரி ஆறாயிரம் ரூபாய் ஆயிற்று. அது அறுபது ரவிக்கை தைத்த கூலி.

இரண்டு ஆண்டுகள் கழித்து அவர் மாலை வகுப்பில் சேர்ந்தார். எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றார். ஒரு நாள் வீட்டில் வண்டியின் ஆர்.சி. புத்தகத்தை எடுத்தார். பிளஸ் டூ படிக்கும் மகள் உதவினாள்.

"அப்பா, இதிலே சாதாரண ஸ்கூட்டர்னு போட்டிருக்கு. சைடு வீல் பத்தி ஒண்ணுமே இல்லையே!"

"இல்லாட்டி என்னம்மா?"

"மாற்றுத்திறனாளி வண்டின்னு பதிஞ்சிருந்தா வரியே கட்டியிருக்க வேண்டாம்பா."

தையற்காரர் வெகு நேரம் பேசவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ஆம் ஆண்டில் வந்தது. 2019-ஆம் ஆண்டு அது திருத்தப்பட்டது. மாற்றுத்திறனாளிக்கென்றே செய்த வண்டிக்கும், அவருக்காக அனுமதி பெற்று மாற்றி அமைத்த வண்டிக்கும் இப்போது 'தகவமைத்த வாகனம்' என்று பெயர். அந்த வண்டி அவருக்கு மட்டுமே பயன்பட வேண்டும். அவரே ஓட்டலாம். அவருக்காக வேறொருவரும் ஓட்டலாம்.

வண்டியில் மாற்றம் செய்ய வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் அனுமதி வேண்டும். அதாவது ஆர்.டி.ஓ. ஆபீஸின் அனுமதி. அனுமதி இல்லாமல் மாற்றினால் அந்த மாற்றம் ஆர்.சி. புத்தகத்தில் ஏறாது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் பணம் பெறுவதிலும் தகராறு வரலாம்.

என்ன சலுகைகள் உண்டு?

சாலை வரி: இது மாநில அரசின் வரி. ஆகவே மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களில் மாற்றுத்திறனாளியின் தகவமைத்த வண்டிக்கு வரி விலக்கு உண்டு.

சுங்கச் சாவடி: தேசிய நெடுஞ்சாலையில் மாற்றுத்திறனாளிக்கென வடிவமைத்த வண்டிக்குக் கட்டணம் இல்லை. காருக்கு அதற்குரிய ஃபாஸ்டேக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும்.

ஜி.எஸ்.டி.: 2017-ஆம் ஆண்டு இந்த வரி வந்தபோது மற்றவர்களின் காருக்கு 28 சதவீதமும், அதற்கு மேல் கூடுதல் வரியும் இருந்தன. கை கால் ஊனமுற்றவர் அரசுச் சான்று பெற்றால் 18 சதவீதம் கட்டினால் போதும் என்று வைத்தார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு எல்லாருக்குமே 18 சதவீதம் ஆயிற்று. வரி விகிதம் மாறக் கூடியது. ஆகவே வாங்கும் நாளில் என்ன விகிதம் என்று கேட்டுக் கொள்ள வேண்டும்.

இந்தச் சலுகைகள் தருமம் அல்ல. நடக்க முடிந்தவருக்கு வண்டி ஒரு வசதி. நடக்க முடியாதவருக்கு வண்டிதான் கால். அதை மாற்றி அமைக்கவும் தனியாகச் செலவாகிறது. அதனால்தான் அரசு வரியை விட்டுக் கொடுக்கிறது.

நாம் என்ன செய்ய வேண்டும்?

1. முதலில் மருத்துவச் சான்றும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் பெற வேண்டும். பல சலுகைகளுக்கு ஊனம் 40 சதவீதமோ அதற்கு மேலோ இருக்க வேண்டும்.

2. தகவமைத்த வாகனம் ஓட்டுவதற்கு உரிய ஓட்டுநர் உரிமம் எடுக்க வேண்டும்.

3. புது வண்டியைப் பதியும் பாரத்தில் 'உரிமையாளர் வகை' என்று ஓர் இடம் உண்டு. 2020-ஆம் ஆண்டு முதல் அதில் மாற்றுத்திறனாளி என்று குறிக்கலாம். இந்த இடத்தைப் பார்க்காமல் கையெழுத்து போடக் கூடாது.

4. சைடு வீல் பொருத்தும் முன்பே அனுமதி பெற வேண்டும்.

5. ஆர்.சி. புத்தகம் வந்ததும் படித்துப் பார்க்க வேண்டும். 'அடாப்டட் வெஹிக்கிள்' என்று இருக்கிறதா? பழைய புத்தகங்களில் 'இன்வேலிட் கேரியேஜ்' என்று இருக்கும்.

தையற்காரர் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு நான்கு முறை நடந்தார். அதிகாரி வண்டியைச் சோதித்தார். ஆர்.சி. புத்தகம் திருத்தப்பட்டது. ஆனால் கட்டிய ஆறாயிரம் ரூபாய் திரும்பி வரவில்லை.

சென்ற மாதம் பூக்கட்டும் பெண் ஒருவர் ஸ்கூட்டர் வாங்கப் போனார். அவருக்கும் காலில் ஊனம். தையற்காரர் துணைக்குப் போனார். பாரம் வந்தது. அந்தப் பெண் பேனாவை எடுத்தார்.

"பேனாவைக் கீழே வை தங்கச்சி" என்றார் தையற்காரர். "முதல்லே ரெண்டு பேரும் படிச்சுப் பார்ப்போம்."

சொற்களைத் தெரிந்து கொள்வோம்

தகவமைத்த – ஒருவரின் தேவைக்கு ஏற்ப மாற்றி அமைத்த
விலக்கு – கட்ட வேண்டாம் என்று விட்டுவிடுதல்
விகிதம் – நூற்றுக்கு எவ்வளவு என்ற கணக்கு

பயிற்சி

1. தையற்காரர் எந்த இடத்தில் ஏமாந்தார்?
2. சைடு வீல் பொருத்தும் முன் எங்கே அனுமதி பெற வேண்டும்?
3. சாலை வரி விதி ஏன் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது?
4. உங்கள் வீட்டில் உள்ள ஒரு வண்டியின் ஆர்.சி. புத்தகத்தை எடுங்கள். உரிமையாளர் பெயர், வண்டியின் வகை, பதிவு செய்த தேதி ஆகியவற்றைப் பார்த்து எழுதுங்கள்.
5. உங்கள் தெருவில் மாற்றுத்திறனாளி யாரேனும் வண்டி வைத்திருக்கிறாரா? இந்தப் பாடத்தை அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.