ஏழு மலை ஏற ஒரு கணக்கு

கோவைக்கு மேற்கே இருக்கும் வெள்ளியங்கிரி மலைக்கு ஏப்ரல் மாதம் எங்கள் வீட்டில் ஐந்து பேர் போகிறோம். பூண்டி கோயிலில் தொடங்கி ஏழு மலை தாண்டினால்தான் உச்சி. 2024-ஆம் ஆண்டு சீசனில் ஏறும்போது மூச்சுத் திணறியும் நெஞ்சு வலித்தும் சிலர் இறந்த செய்தி பேப்பரில் வந்தது. அதனால் "போய்ப் பாத்துக்கலாம்"னு விடாமல், பாடத்தில் படித்ததை வைத்தே திட்டம் போட்டேன். அதை இங்கே தருகிறேன்.

1. எவ்வளவு நேரம் ஆகும்?

ஒரு வழிக்குச் சுமார் 6 கி.மீ. "அவ்வளவுதானா?"ன்னு நினைக்காதீங்க. ஏற வேண்டிய உயரம் சுமார் 1,200 மீட்டர். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் ஒரு விதி சொன்னார்: 5 கி.மீ. தூரத்துக்கு 1 மணி. அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி.

தூரத்துக்கு: 6 ÷ 5 = 1 மணி 12 நிமிடம்
ஏற்றத்துக்கு: 1,200 ÷ 600 = 2 மணி
மொத்தம்: 3 மணி 12 நிமிடம்

இது நிற்காமல் நடப்பவருக்கு. கூட்டம், ஓய்வு எல்லாம் சேர்த்து ஒன்றரை மடங்கு வைத்தேன்: ஏறத்தாழ 5 மணி நேரம். காலை 5 மணிக்குக் கிளம்பினால் 10 மணிக்கு உச்சி. அங்கே 1 மணி நேரம். இறங்க 4 மணி நேரம். பிற்பகல் 3 மணிக்கு அடிவாரம் வந்துவிடலாம். அடிவாரம் யானை நடமாடும் காடு, இருட்டும் முன் வந்தாகணும். ஆகவே ஒரு கட்டாய விதி: பகல் 12 மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்பிவிட வேண்டும். ஏழாவது மலை கண்ணுக்குத் தெரிந்தாலும் சரி!

2. கால் தயாரா?

ஒரு படி 15 செ.மீ. என்றால் 1,200 மீட்டருக்கு 8,000 படி! நம்ம பள்ளி மாடிக்கு 40 படி, அதாவது 6 மீட்டர். 200 தடவை மாடி ஏறினால்தான் ஒரு வெள்ளியங்கிரி. ஒரு மாதம் முன்பே பழகுங்கள். முதல் நாள் 10 தடவை போதும்; கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். இறங்குவது சுலபம்னு நினைப்போம். ஆனால் அப்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்குகிறது. மறுநாள் வலிப்பது அதனால்தான். மூங்கில் தடி ஊன்றினால் முழங்காலுக்குப் பாரம் குறையும்.

3. பையில் என்ன?

தண்ணீர்: மணிக்கு அரை லிட்டர் வீதம் 5 மணிக்கு இரண்டரை லிட்டர், அதாவது இரண்டரை கிலோ சுமை! வழியில் சுனை உண்டு, ஆனால் கோடையில் நீர் குறையலாம். ஆளுக்கு 2 லிட்டராவது வேண்டும்.

உப்புக் கரைசல்: வேர்வையில் உப்பும் போகும். 1 லிட்டர் கொதித்து ஆறிய நீரில் 6 சின்ன ஸ்பூன் சர்க்கரை, அரை ஸ்பூன் உப்பு. ஸ்பூனைத் தலைதட்டி அளக்கணும்.

சாப்பாடு: பொடி தடவிய இட்லி, கடலை மிட்டாய், வாழைப்பழம்.

போர்வை: 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6.5 டிகிரி குறையும். கீழே 22 டிகிரி என்றால் மேலே 14. காற்றடித்தால் இன்னும் குளிரும்.

டார்ச்சும் வேண்டும். பிளாஸ்டிக் கூடாது, அடிவாரத்தில் வனத்துறையினர் பையைச் சோதிப்பார்கள். இலை, துணிப்பை, எவர்சில்வர் பாட்டில் நல்லது.

4. யார் ஏறலாம்?

எங்க தாத்தாவும் வரேன்னார். அவருக்கு பி.பி. உண்டு. டாக்டரிடம் காட்டினோம். "ஏற வேண்டாம்" என்றார். "நான் ஏறாத மலையாடா?"ன்னு தாத்தா இரண்டு நாள் பேசவே இல்லை. பிறகு நான் மேலே உள்ள கணக்கைக் காட்டி, "மேலே ஏதாவது ஆனா ஆம்புலன்ஸ் வராது தாத்தா, ஆளுங்கதான் தூக்கிட்டு இறங்கணும்"னேன். யோசித்துவிட்டு, "சரி, பூண்டியிலேயே சாமி கும்பிட்டு உங்களுக்காக உக்காந்திருக்கேன்" என்றார். 3 மணிக்குள் வரணும்னு எனக்கு ஒரு கண்டிஷனும் போட்டார்!

இதய நோய், ஆஸ்துமா, இரத்த அழுத்தம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஏறக்கூடாது. ஏறும்போது நெஞ்சில் அழுத்தம், கை அல்லது தாடை வலி, குளிர்ந்த வேர்வை, உட்கார்ந்தும் அடங்காத மூச்சிரைப்பு வந்தால் உடனே நிறுத்துங்கள். அதற்கு மேல் ஒரு படிகூட வேண்டாம். பக்கத்தில் இருப்பவரிடமும் வனத்துறையினரிடமும் சொல்லி, 108-ஐ அடிவாரத்துக்கு வரச் சொல்லுங்கள்.

நினைவில் வைக்க: உச்சி பாதி வழிதான். வீடு வந்து சேர்ந்தால்தான் பயணம் முடிந்தது.

உங்களுக்கு ஒரு கணக்கு: ஒரு மலைக்கு தூரம் 4 கி.மீ., ஏற்றம் 900 மீட்டர். ஓய்வும் சேர்த்து ஏற எவ்வளவு நேரம்? 12 மணிக்குள் உச்சி சேர எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்? விடையை எழுதி சுவரிதழ்ப் பெட்டியில் போடுங்கள்!