பழைய கணினியும் அதன் வரலாறும்

பழைய கணினிகளைத் தேடித் திரட்டிப் பழுது நீக்கி மீண்டும் இயங்கச் செய்வோர் இன்று பல நாடுகளிலும் கழகங்களாகக் கூடியுள்ளனர். இங்கிலாந்தில் 1989 ஆம் ஆண்டு தோன்றிய கணினிப் பாதுகாப்புச் சங்கம் அவற்றுள் மூத்தவற்றில் ஒன்று. இத்தகைய கழகங்களில் எழும் வினா ஒன்றுண்டு: கணினியின் வரலாறு இங்கே பேசத்தக்கதோ, அன்றி வேறு சபைக்கு உரியதோ? கருவியைக் கையிலேந்தியோர், முதலிற் பொறியை ஓட்டிக் காட்டுக, கதை பின்னர் ஆகட்டும் என்பர். அதனை எளிதில் தள்ளிவிடல் ஆகாது. பேச்சுப் பெருகிற் கைவேலை குன்றும் என்பது சங்கம் நடத்திய எவரும் அறிந்ததே.

விடை தேடிக் கண்டியிலிருந்து நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை. ஹந்தானையிலே 1925 இல் எழுந்த தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடம் 2001 முதல் தேயிலை அரும்பொருளகமாக விளங்குகின்றது. கொழுந்தை உருட்டியும் உலர்த்தியும் பதப்படுத்திய பழம்பொறிகளும், 1867 இல் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் ரெயிலரின் நினைவுப் பொருள்களும் அங்குள. கண்டு வியவாதார் இலர். ஆனால் அப்பொறிக்குக் கொழுந்தைக் கொணர்ந்த கை யாருடையது? அதனை அறியக் கம்பளைப் பக்கத்துப் பழைய பீகொக் தோட்டத்திற்குச் செல்லல் வேண்டும். அங்கே லயன் காம்பராக்களிலே தோட்டத் தொழிலாளருக்கென அரும்பொருளகம் ஒன்று தனியே உளது. பொறி ஓரிடம், மனிதர் வேறோரிடம். நம் மாணவருள் லயங்களின் வழிவந்தோர் பலர். ஹந்தானைக்குச் சென்று மீண்டோருள் எத்தனை பேர் கம்பளைக்கும் சென்றனர்?

இனிக் கணினிக்கு வருவோம். ஜெர்மானியரின் மறைமொழியை உடைக்க ரொமி பிளவர்ஸ் என்னும் தபாற்றிணைக்களப் பொறியியலாளர் அமைத்த கொலோசஸ், 1944 பெப்ரவரியில் பிளெச்சிலி பார்க்கில் வேலை தொடங்கியது. (அதே ஆண்டில் மவுண்ட்பேட்டனின் தலைமையகம் நம் பேராதனைப் பூங்காவிற்கு வந்தமை மூத்தோர் சொல்லக் கேட்டதே.) போர் முடிந்ததும் அப்பொறிகளுட் பெரும்பாலானவை உடைக்கப்பட்டன, வரைபடங்கள் எரிக்கப்பட்டன. 1970களின் நடுப்பகுதிவரை வெளியுலகிற்கு இஃது ஏறக்குறைய முற்றும் மறைவாகவே இருந்தமையால், 1946 இல் வெளிப்பட்ட அமெரிக்க எனியாக் பொறியே முதலாவது எனப் பாடநூல்கள் கூறிவந்தன. 1993 இல் ரோனி சேல் அதனை மீள அமைக்கப் புகுந்தபோது கையிலிருந்தவை சில போர்க்காலப் புகைப்படங்களும், பொறியியலாளர் சிலர் விதியை மீறி வைத்திருந்த சுற்றுவரைபடத் துண்டுகளும், முதியோரின் நினைவுமே. அவற்றைக் கொண்டே 1996 இற் பொறி இயங்கிற்று. வரலாற்றை ஒதுக்கியிருப்பின் சூட்டுக்கோலுக்கு அங்கே வேலையே இராது. அதனை நாடோறும் இயக்கியோர் பெரும்பாலும் கடற்படை மகளிர் என்பதும் அவ்வரலாற்றின் வழியே அறியப்பட்டது.

எனினும் எல்லா வரலாறும் இங்கு வேண்டியதன்று. எந்தக் கம்பனி எவ்வளவு இலாபம் ஈட்டிற்று என்பதை வணிகச் சஞ்சிகைகளுக்கு விட்டுவிடலாம். பொறியை ஆக்கியோர், இயக்கியோர், அதனால் எழுதப்பட்டவை ஆகிய மூன்றையும் தொடும் வரலாறே கழகத்திற்கு உரியது என்பது நம் கருத்து.

மூன்றாவது நமக்கு மிக அணித்து. 1990களில் இலங்கைத் தமிழர் பலர் பாமினி எழுத்துருவிற் றட்டச்சிட்டனர். அது தமிழ் வடிவங்களை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் அமர்த்தியது. ஒருங்குறியில் 1991 முதலே தமிழுக்கு இடமிருந்தும் அது நம்மிடம் பரவப் பல்லாண்டு சென்றது. ஆகவே அக்காலக் கோப்பொன்றை இன்று எழுத்துருவின்றித் திறப்பின், கட்டுரையும் கவிதையும் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகவே தோன்றும். பழைய கணினியைப் பழுது பார்த்து வைத்திருப்பினும், எந்த எழுத்துருவில் எழுதப்பட்டது என்று அறியாதவன் அதனை வாசிப்பது அரிது. ஆதலின் பழைய விழா மலர்களின் நெகிழ்வட்டுகளை இன்னும் வீட்டில் வைத்திருக்கும் பழைய மாணவர்கள், அவற்றை நூலகத்திற்குக் கையளிக்குங்கால் எழுத்துருவின் பெயரையும், எழுதிய ஆண்டையும், தட்டச்சிட்டவர் பெயரையும் ஒரு தாளில் எழுதி இணைத்துத் தருவார்களாக.