ஒரே நாளில் பிரியலாம், கணக்கு முடியாது

கேள்வி: ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேற பிரிட்டன் ஆண்டுக்கணக்கில் அல்லாடியது. சிங்கப்பூரோ 1965-இல் ஒரே நாளில் நம்மைப் பிரிந்துவிட்டது. ஆனாலும் புலாவ் செபாங்கில் ஏறிய எங்களை 2011 வரை சிங்கப்பூருக்குள் தஞ்சோங் பகார் வரை கொண்டுபோய் விட்டது நம் கேடிஎம் ரயில்தான். இது எப்படி? நாளைக்கு மலேசியா ஆசியானை விட்டு விலக நினைத்தால் யார் கதை நம் கதையாகும்?
— வாசகர், அலோர் காஜா

பதில்: பாதி பதில் உங்கள் ரயிலிலேயே இருக்கிறது.

சிங்கப்பூர் அப்போது நம் கூட்டரசின் ஒரு மாநிலம். 1965 ஆகஸ்டு 7-இல் இரு தரப்பும் பிரிவினை ஒப்பந்தத்தில் ரகசியமாகக் கையெழுத்திட்டன. 9-ஆம் தேதி மக்களவையில் 126 பேர் ஆதரிக்க, எதிர்ப்பே இல்லாமல் அரசியல் சாசனத் திருத்தம் நிறைவேறியது. மேலவையும் அன்றே முடித்துக் கொடுத்தது. சட்ட வேலை அவ்வளவுதான். கணக்கு வழக்கு மட்டும் தீரவில்லை. பொது நாணயம் 1967 வரையும், கூட்டு விமான நிறுவனம் 1972 வரையும் ஓடின. ஜொகூர் தண்ணீருக்கான 1962 ஒப்பந்தம் 2061 வரை செல்லும். ரயில் நிலமோ 1918-லேயே மலாயா ரயில்வேக்குக் கைமாறியது. அது பற்றி 1990-இல் போட்ட உடன்பாட்டுக்கு இரு அரசுகளும் ஆளுக்கொரு பொருள் சொல்லின. 2010-இல் மாற்று நிலம் பேசி முடித்த பிறகே, 2011 ஜூன் 30-இல் கடைசி ரயில் கிளம்பியது.

பிரிட்டனின் சிக்கல் வேறு. 1973 முதல் ஐரோப்பியச் சட்டமே அதன் உள்நாட்டுச் சட்டமாக இருந்தது. அதனால் விலகல் கடிதம் கொடுக்கவே நாடாளுமன்றத்தின் அனுமதி வேண்டும் என்று 2017 ஜனவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2016-இல் மக்கள் வாக்களித்தும், வெளியேறியது 2020 ஜனவரி 31-இல்தான். வட அயர்லாந்து எல்லையில் சுங்கச் சோதனை எங்கே நடப்பது என்ற தகராறு அதற்குப் பிறகும் நீடித்தது.

நம் நாட்டில் அனைத்துலக ஒப்பந்தத்தில் சேர்வது அமைச்சரவையின் அதிகாரம். உள்நாட்டுச் சட்டத்தை மாற்றும்போதுதான் நாடாளுமன்றம் தேவை. 2019 மார்ச் 4-இல் அனைத்துலகக் குற்றவியல் நீதிமன்றத்துக்கான ரோம் சாசனத்தில் சேர்ந்தோம். மாமன்னருக்கு ஆபத்து என்று எதிர்ப்பு கிளம்பவே, ஏப்ரல் 5-இல் பிரதமர் மகாதீர் விலகலை அறிவித்தார். சாசனம் நம்மைக் கட்டுப்படுத்தத் தொடங்க வேண்டிய நாள் ஜூன் 1. அதற்குள் திரும்பப் பெற்றதால் சிக்கல் இல்லை. அந்த நாள் கடந்திருந்தால், அறிவிப்புக்குப் பின் ஓராண்டு காத்திருக்க வேண்டியிருக்கும்.

இனி ஆசியான். 2008-இல் நடப்புக்கு வந்த அதன் சாசனத்தில் விலகலுக்கான விதியே இல்லை. அத்தகைய ஒப்பந்தங்களில், விலகும் உரிமை உண்டு என்று காட்ட முடிந்தால் மட்டுமே விலகலாம், அதற்கும் 12 மாத முன்னறிவிப்பு வேண்டும் என்கிறது 1969 வியன்னா உடன்படிக்கை. மலேசியா அதில் 1994 முதல் உறுப்பு நாடு.

ஆனால் ஆசியானில் முடிவுகள் ஒருமித்த கருத்தால் எடுக்கப்படுகின்றன. நம் சட்டத்துக்கு மேல் நிற்கும் ஆசியான் சட்டமோ நீதிமன்றமோ கிடையாது. ஆகவே பிரிட்டனைப் போல் நீதிமன்றத்தில் இழுபட மாட்டோம். சிரமம் சிங்கப்பூர் பாணியில் வரும். ஆசியான் நாடுகளுக்குள் பெரும்பாலான சரக்குக்கு இறக்குமதி வரி இல்லாமல் செய்த வாணிப ஒப்பந்தம் 2010 முதல் நடப்பில் இருக்கிறது. விலகிய பிறகு, அந்தச் சலுகைகளை ஒவ்வொரு நாட்டுடனும் தனித்தனியாகப் பேசித்தான் திரும்பப் பெற வேண்டியிருக்கும்.