பிரட்டும் பேரும்

பண்டாரவளை
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகளுக்கு,

வாட்ஸ்அப்பில் நீ அனுப்பிய குரல் பதிவை மூன்று தடவை கேட்டேன். பதிலையும் குரலில் அனுப்பினால் உன் அம்மா பக்கத்தில் நின்று குறுக்கே பேசுவாள். அதனால்தான் கடிதம்.

பொலிஸ் கொன்ஸ்டபிள் வேலைக்கு விண்ணப்பம் போடுவதாக நீ சொன்னதும் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். "நம்ம லயத்துப் பொம்பளைங்க யாருடி காக்கி போட்டா?" என்று கேட்டாளாமே. போட்டிருக்கிறார்கள். எண்பது வருடத்துக்கு முன்பே போட்டிருக்கிறார்கள். இங்கே அல்ல, மலாயாவில்.

தேயிலைக்கு நம்மை இங்கே கொண்டுவந்த கங்காணி முறைதான் ரப்பருக்கு அங்கேயும் ஆள் சேர்த்தது. லயம், பிரட்டு, துரை எல்லாம் அங்கும் உண்டு. 1942 தொடக்கத்தில் ஜப்பான் மலாயாவைப் பிடித்ததும் ரப்பரை வாங்க ஆளில்லாமல் போயிற்று. தோட்டத்தில் பட்டினி. ஆண்களை சயாம்–பர்மா ரயில் பாதை போட அள்ளிக்கொண்டு போனார்கள், ஆயிரக்கணக்கானவர்கள் திரும்பவில்லை. அந்த நேரத்தில், 1943 ஜூலையில், இந்திய விடுதலைக்குப் படை நடத்திய சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூரில் பெண்களுக்கென்று ஒரு படை வேண்டும் என்றார். மதராஸிலிருந்து போய் அங்கே வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த டொக்டர் லட்சுமி சுவாமிநாதன் பொறுப்பேற்றார். அக்டோபர் 22ஆம் திகதி ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் திறந்தது. சேர்ந்தவர்களில் மிகப் பலர் தமிழ்ப் பெண்கள். அவர்களில் பலருடையவை பால்மரம் வெட்டிய கைகள்.

முகாமில் அவர்கள் கையில் கொடுத்தது லீ என்ஃபீல்ட் துப்பாக்கி, நாலு கிலோ கனம். வீட்டுக்குள்ளேயே வளர்ந்த பெண்களுக்கு அது தோளை இறக்கியிருக்கும். தோட்டத்துப் பெண்ணுக்கு அது என்ன பாரம்? உன் அப்பாயியின் நெற்றிக்கு மேலே, வகிடு தொடங்குகிற இடத்தில், விரல் அகலத்துக்கு ஒரு பள்ளம் இருக்குமே, நினைவிருக்கிறதா? கூடைக் கயிறு நாற்பது வருடம் அழுத்திய பள்ளம் அது. எண்ணெய் வைக்கும்போது என் விரல் அதில் போய்ப் போய் நிற்கும். படைக்குப் போன தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வரிசையில் நிற்பதும் புதிதல்ல. நாம் "பிரட்டு" என்பதே வெள்ளைக்காரனின் பரேட்தான். நாம் தேயிலையில் "கவ்வாத்து" வெட்டுகிறோம். படையில் கவாத்து என்றால் அணிவகுப்புப் பயிற்சி. வித்தியாசம் ஒன்றுதான்: தோட்டத்துப் பிரட்டில் பேர் கூப்பிடுவது கூலிக்கு.

இதைப் பெரிய வீரக்கதையாக நான் சொல்ல வரவில்லை. பசிக்காகவும், ஜப்பானியச் சிப்பாய்க்குப் பயந்தும், வீட்டை விட்டுப் போனால் போதும் என்றும் சேர்ந்தவர்கள் இருந்திருப்பார்கள். 1944இல் பர்மாவுக்குப் போனார்கள். போர்முனைக்கு அனுப்பப்படவில்லை, காயம்பட்டவர்களைப் பார்த்துக்கொண்டார்கள். இம்பால் படையெடுப்பு தோற்றது. 1945 ஏப்ரலில் ரங்கூனிலிருந்து பாங்கொக் பக்கமாகப் பின்வாங்கினார்கள், பெரும்பகுதி கால்நடையாக, குண்டு விழும் பாதையில். தங்கள் அப்பன்மாரை ரயில் பாதைக்கு இழுத்துப்போன ஜப்பானோடு கூட்டுச் சேர்ந்த படை அது என்பதும் என் தொண்டையில் முள்ளாகவே நிற்கிறது.

அதே போரில் நம் ஆட்கள் எதிர்ப்பக்கம் நின்றார்கள், யாரும் கேட்காமலேயே. மலாயா விழுந்ததும் நேச நாடுகளுக்குப் பெரும்பாலும் இலங்கை ரப்பர்தான் மிஞ்சியது. மரம் செத்தாலும் சரி என்று வெட்டச் சொன்னார்கள். தேயிலையை பிரிட்டிஷ் உணவு அமைச்சே மொத்தமாக வாங்கியது. தியத்தலாவையில் கடற்படைக்காரர்கள் வந்து இளைப்பாறினார்கள். அவர்கள் குடித்த தேநீருக்குக் கொழுந்து பறித்த ஊவாப் பெண்களுக்குச் சீருடையும் இல்லை, பதக்கமும் இல்லை. ஆணுக்குச் சமமான கூலிக்கே 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1931இல் கிடைத்த வாக்கும் 1948, 49 குடியுரிமைச் சட்டங்களில் போயிற்று.

நான் சொல்ல வந்தது பேரைப் பற்றி. அந்தப் படையில் இன்று யார் பேர் தெரிகிறது? டொக்டர் லட்சுமி, 2002இல் அப்துல் கலாமை எதிர்த்து இந்திய ஜனாதிபதித் தேர்தலில் நின்றார். கோலாலம்பூர் ஜானகி, வசதியான வீட்டுப் பெண், காதுத் தோட்டைக் கழற்றிக் கொடுத்தவர், பிறகு மலேசிய செனட்டர். ஈப்போ ராசம்மா, ஆசிரியை. மூவரும் மதிக்கத்தக்கவர்கள். மூவரும் படித்தவர்கள். பால்மரம் வெட்டிய பிள்ளைகளோ போர் முடிந்ததும் பெரும்பாலும் அதே லயத்துக்கே திரும்பினார்கள். நம் பக்கம் ஒரு நாள் கூலிக்கே "பேர்" என்றுதானே சொல்கிறோம், அரைப் பேர், முழுப் பேர் என்று. அவர்களுக்குக் கிடைத்தது அரைப் பேர்.

ஆகவே போவதானால் போ, நான் தடுக்கவில்லை. ஆனால் சிங்களத்தைப் பேசுவதோடு விடாதே. முறைப்பாட்டை எழுதுகிற அளவுக்குப் படி. பசறையிலிருந்து தமிழில் அழுதுகொண்டு வருகிறவளின் வாக்குமூலத்தை நீ எந்த மொழியில் எழுதினாலும், கையெழுத்துக்கு முன் அவள் மொழியில் வாசித்துக் காட்டு. படம் எடுத்து முகப்புத்தகத்தில் போடுவதற்காக மட்டும் போகாதே; இரவுக் கடமையும் தூர இடமாற்றமும் வரும். அம்மாவிடம் சண்டை போடவும் வேண்டாம். அவள் பயப்படுவது நீ காக்கி போடுவதற்காக மட்டும் அல்ல; இந்த நாட்டில் காக்கியைப் பார்த்துக் கதவைச் சாத்திய இரவுகள் அவளுக்கு உண்டு. அதை உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள், கேட்டுப் பார்.

இன்னொன்று. உன் பிறப்புச் சான்றிதழில் பேர் ஒரு மாதிரியும் அடையாள அட்டையில் வேறு மாதிரியும் இருக்கிறது. என் முதல் நியமனக் கடிதத்தில் ஓர் எழுத்து தவறிப்போய், அதைத் திருத்த நாலு வருடம் ஒரு அலுவலகத்தின் வாசலில் நின்றேன். சனிக்கிழமை முதல் பஸ்ஸில் வா. எல்லாவற்றின் அசலையும் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொள், இங்கே மழை. தெரிந்த சமாதான நீதவான் ஒருவர் இருக்கிறார், சத்தியக் கடதாசி அன்றைக்கே முடித்துவிடலாம். அம்மாவையும் கூட்டி வா, மதியம் சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.

அன்புடன்,
அத்தை